எங்கள் தூளில் முளைத்தது

குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறவனை நம்ப வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோய், துடியலூரில் லேத் பட்டறையில் எண்ணெய்க் கையோடு வளர்ந்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்ற பெயரும் உண்டு. அப்படிப்பட்டவன் பேச்சு எங்கே எடுபடும்?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், என் மனைவி வீட்டாரோடு கூட்டாக ஒரு நார் மில் நடத்துகிறோம். தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்துவிட்டால் பழுப்பாக ஒரு தூள் மிஞ்சும். நாரை வாங்க ஆள் உண்டு. தூளை வாங்க ஆளில்லை. மில்லுக்குப் பின்னால் கொட்டிக் கொட்டி அது ஓட்டு வீட்டு உயரத்துக்கு மேடாகிவிட்டது. காற்றடித்தால் அக்கம்பக்கத்துச் சோற்றில் விழும். மழை பெய்தால் சாறு இறங்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி அண்ணனின் கிணற்றுத் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்ததும் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஐப்பசி மழைக்குள் மேடு போக வேண்டும், இல்லையென்றால் மில்லைப் பூட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. லாரியில் ஏற்றிப் போய் வேறு ஊர் எல்லையில் கொட்டப் பார்த்தோம். அந்த ஊர்க்காரர்கள் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூர் ஏஜண்ட் ஒருவர் ஒரு ஹாலந்துக்காரரை அழைத்து வந்தார். பெயர் ஹென்க். கண்ணாடி வீடு கட்டி அதற்குள் வெள்ளரிக்காய் வளர்க்கிறவர். மேட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "எல்லாமே வேண்டும்" என்றார். பழைய இரும்பு வாங்க வருகிறவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான். இது சரியில்லை, அது துருப்பிடித்தது என்று ஒதுக்குவான். எல்லாம் வேண்டும் என்கிறவன் என்ன செய்யப் போகிறான் என்று அன்றைக்கே வீட்டில் கேட்டேன்.

தூளைக் களத்தில் காயவைத்து, அச்சில் அழுத்திக் கட்டிகளாக்கி, முதல் கண்டெய்னரை அனுப்பினோம். சில மாதம் கழித்துப் போன் வந்தது. "உங்கள் தூளில் ஏதோ முளைக்கிறது. என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. வந்து பார்த்துப் பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்வோம்." களத்துக்குப் பொறுப்பு நான். இங்கிலீஷுக்குப் பொறுப்பு என் மனைவியின் தம்பி செந்தில், காங்கேயத்துக்காரன், பி.காம். படித்தவன். இரண்டு பேரும் கிளம்பினோம்.

"மச்சான், அங்க போயி நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. தலையாட்டுனாப் போதும்" என்றான் செந்தில்.

"எதுக்கு ஆட்டறோம்னு தெரிய வேண்டாமா மாப்பிள்ளை?"

"நான் ஆட்டறப்ப ஆட்டுங்க."

ஹாலந்தில் இறங்கியபோது வைகாசி. நம் ஊரில் ரோட்டுத் தார் உருகுகிற மாதம். அங்கே என் பல் தந்தியடித்தது. விமான நிலையத்திலிருந்து ரயில். பெட்டிகளுக்கு என்னைக் காவல் வைத்துவிட்டுச் செந்தில் டீ தேடி முன் பக்கம் போனான். வழியில் ஒரு ஜங்ஷனில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள். எதிர் சீட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்த அம்மாள் என்னையும் பெட்டிகளையும் மாறி மாறிக் காட்டி ஏதோ பேசினார். பெட்டியைக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு குலுக்கல். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எங்கள் ரயிலின் முன் பாதி தனியாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அதில் செந்தில்.

ஒரே ரயில் பாதி வழியில் இரண்டாகி, இரண்டு ஊருக்குப் போகுமாம். அதைத்தான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அவரே என்னைப் பிடித்து இறக்கி, என் சட்டைப் பையிலிருந்த விலாசத்தைப் படித்து, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் செய்த இன்னொரு காரியம்தான் மனதில் நின்றது. தின்று முடித்த ஆப்பிளின் நடுத்தண்டை ஜன்னலுக்கு வெளியே எறியவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அதில் வைத்து மூடிக்கொண்டார். எதற்குச் சேர்த்து வைக்கிறார்? ஊர் போய்ச் சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். செந்தில் வேறு வழியாக வந்து ஸ்டேஷனில் காத்திருந்தான்.

ஹென்க் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். போனதும் காபி கொடுத்தார்கள். ஒரு தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கச் சொன்னார் அவர் மனைவி. எடுத்தோம். டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். நம் பக்கம் விருந்தாளி இலைக்குக் குறுக்கே கையை வைத்தாலும் கைமேலேயே சோறு விழும். செந்திலைப் பார்த்தேன்.

"கோவத்துல இருக்காங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங் மச்சான். இங்க இப்படித்தான்."

ராச்சாப்பாட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு. ஆட்களை எண்ணிப் போட்ட மாதிரி சரியாக இருந்தது. சட்டியில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. மிச்சம் விழாத சமையலை அன்றுதான் பார்த்தேன். நான் பெட்டியிலிருந்து பருப்புப்பொடியை எடுத்து உருளைக்கிழங்குமேல் தூவிக்கொண்டேன். ஹென்க் வாங்கி மோந்து பார்த்தார், எங்கள் தூளை மோந்த அதே முகத்தோடு.

அந்த வீட்டில் குப்பைக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் நம் வீட்டுப் பூஜை அறை தோற்றுவிடும். கிழங்குத் தோல், காய்த் தோல், காபிச் சக்கை எல்லாம் பச்சைத் தொட்டி. காகிதம் தனி. தீர்ந்த பேட்டரிக்கு ஒரு சின்னப் பெட்டி. காலிப் பாட்டில்களை ஹென்க்கின் மனைவி பைக்குள் போட்டுத் தெருமுனைக்கு எடுத்துப் போகிறார். அங்கே வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு பொந்து, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. அரசாங்கத்தின் உத்தரவாம். நாட்டில் மண் குறைச்சல், குப்பையைப் புதைக்கக் குழிதோண்ட இடமில்லை, அதனால் குப்பையே இல்லாத நிலைக்குப் போக வேண்டும் என்று ஊருக்கு ஊர் போட்டிபோடுகிறார்கள் என்றார் ஹென்க். செந்தில் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். மனசுக்குள் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் இவ்வளவு பிரித்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே கொட்டுவான்?

மறுநாள் விடிந்ததும் லாரிச் சத்தம் கேட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குப் பச்சைத் தொட்டியின் முறை. பச்சையை மட்டும் கவிழ்த்துக்கொண்டு லாரி நகர்ந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். அடுத்த தெருவிலும் பச்சை மட்டும்தான். ஒரு வீட்டு வாசலில் மற்றத் தொட்டியைத் திறந்து, இதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். வீட்டுக்காரக் கிழவி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் செய்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஹென்க் சைக்கிளில் வந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதைப் பின்னால் செந்தில் கேட்டுச் சொன்னான். கிழவி சொன்னது: "இந்த ஆள் என் குப்பையில் எதையோ திருடுகிறான்." ஹென்க் சொன்னது: "திருடவில்லை. அவர் என்னோடு வியாபாரம் செய்கிறவர்." கிழவி: "குப்பையிலா?" ஹென்க்: "ஆமாம், குப்பையில்."

காலைப் பலகாரம் ரொட்டி. ரொட்டி உறையில் சூரியகாந்திப்பூப் படம். அதைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த உறையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஜில்லாவில் ஒரு காகித மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து பழைய காகிதம் கட்டுக்கட்டாக வரும். கட்டைப் பிரித்தால் நடுவில் பிளாஸ்டிக் உறைகள் இருக்கும். மில்லில் அவற்றைப் பொறுக்கி வெளியே வீசுவார்கள். காற்றில் பறந்து வந்து எங்கள் பக்கத்து வேலி முள்ளில் மாட்டி மாதக்கணக்கில் படபடக்கும். அந்தச் சூரியகாந்தியேதான்.

"மாப்பிள்ளை, இந்தக் கவரு கடைசியா எங்க போகுதுன்னு கேளு."

செந்தில் கேட்டான். எரிக்கிற இடத்துக்குப் போகும், அந்தச் சூட்டில் கரண்டு எடுப்பார்கள் என்றார் ஹென்க். கொஞ்சம் யோசித்துவிட்டு, காகிதத்தோடு சேர்ந்து போவது கப்பலில் போகும் என்று நினைப்பதாகச் சொன்னார்.

"எந்த ஊருக்குன்னு கேளு. எங்க ஊட்டுப் பக்கத்து முள்ளுலதான் தொங்குதுன்னு சொல்லு."

"மச்சான், அதையெல்லாம் நான் சொல்ல மாட்டேனுங்க. ஆர்டர் போயிரும். ரொட்டியத் தின்னுங்க."

ரொட்டியைத் தின்றேன்.

அப்புறம் கண்ணாடி வீடு. பெயர்தான் வீடு. உள்ளே நுழைந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆள் தெரியாது. நம் ஊர்ச் சூடு உள்ளே. எனக்கு உயிர் வந்தது. அதன் பின்புறத்தைத்தான் முதலில் காட்டினார் ஹென்க். அங்கே ஒரு மேடு. சாம்பல் நிறத்தில், நனைந்த பஞ்சுத் தலையணைகளைக் குவித்த மாதிரி. கல்லை உருக்கி நூலாக இழுத்துப் பஞ்சாக்கி, அதில்தான் இத்தனை வருடம் வெள்ளரி வளர்த்தார்களாம். ஒரு விளைச்சல் முடிந்தால் அந்தப் பஞ்சு மக்காது, எரியாது, யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊராட்சியிலிருந்து வந்து எச்சரித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தூளில் வளர்த்தால், பின்னால் அது வயலுக்கே எருவாகிவிடும். அதற்காகத்தான் அது வேண்டும்.

அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எத்தனையோ மாதமாக என்னை அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த மனுஷனும் நம்மைப் போலத்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறவர். ஒரு வேளை நல்லவராகக்கூட இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்த கையோடு அவர் எங்களைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார்.

வெள்ளரிக்கொடிகளுக்கு நடுவே ஏறியிருந்தது அது. முளைத்தபோது வெள்ளரிக் கன்று என்றே நினைத்திருக்கிறார்கள். இலை பெருத்து, தண்டில் முள்முள்ளாக ரோமம் வந்த பிறகுதான் சந்தேகப்பட்டுப் பிடுங்க ஆரம்பித்தார்களாம். என்னவென்று கண்டுபிடிக்க இந்த வரிசையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். கயிற்றுத் தொட்டிலில் தாங்கல் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன காய்கள். நாம் அரசாணிக்காய் என்கிற மஞ்சள் காய் அல்ல. விபூதி பூசின மாதிரி வெள்ளைப் பொடி படர்ந்த பூசணிக்காய்.

நான் செந்திலைப் பார்த்தேன். அவன் காயைத் தொட்டுவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எங்கள் மில்லில் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைப்பது வழக்கம். மேலே சதுரமாக ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் வைத்து, மிஷினுக்கும் ஆட்களுக்கும் மேட்டுக்கும் சேர்த்துச் சுற்றி, களத்தில் ஓங்கி அடிப்பார்கள். போகிற வருகிறவர் கண்ணெல்லாம் அதோடு போகட்டும் என்று. உடைத்ததை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். லாரிச் சக்கரம் ஏறும், தூள் மூடும், களத்தைக் கூட்டி அள்ளும்போது விதை அச்சுக்குள் போயிருக்கிறது. ஊரார் கண்ணுபட்ட பூசணி கப்பலேறி வந்து, இங்கே தொட்டிலில் ஆடிக்கொண்டிருக்கிறது.

"இது என்ன? விஷமா?" என்று கேட்டார் ஹென்க். இது எனக்கே புரிந்தது.

"இல்லை, சாப்பிடுகிற காய்" என்று செந்திலைச் சொல்லச் சொன்னேன்.

ஹென்க் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிழவியின் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது பார்த்தாரே, அதே பார்வை. "அப்படியானால் சாப்பிட்டுக் காட்டுங்கள்."

அங்கே வேலை செய்கிறவர்களில் இந்திரா என்று ஒரு அம்மாள் இருந்தார். முகத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர் போல இருந்தாலும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவருடைய பாட்டன் முப்பாட்டன்மார் வடக்கேயிருந்து கரும்புத் தோட்டத்துக்காகக் கப்பலில் சூரினாமுக்குப் போனவர்களாம். அங்கிருந்து இவர் ஹாலந்து. காயை அறுத்தார், மசாலாவைப் போட்டு அங்கேயே சமையல் மேடையில் வதக்கினார். தோலும் குடலும் பச்சைத் தொட்டிக்கு. விதையை மட்டும் ஹென்க் ஒரு தட்டில் போட்டுத் தனியாக வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வேலைக்காரர்கள் எல்லாம் நின்றார்கள். தட்டு என் முன்னால் வந்தது.

"நீயும் உக்காரு மாப்பிள்ளை."

"எனக்கு வயிறு செரியில்லீங் மச்சான்."

"காலைல நாலு ரொட்டி தின்னப்ப செரியா இருந்துதா?"

"அது வேறீங்க. இது... தெரிஞ்சே எப்படீங்க திங்கறது?"

அவனைக் குறை சொல்ல முடியாது. உடைந்த பூசணிக்காயைத் தெரியாமல் மிதித்துவிட்டாலே வீட்டுக்கு வந்து காலைக் கழுவாமல் உள்ளே போக மாட்டோம். அதன் வயிற்றில் பிறந்ததை நான் வாயில் போட வேண்டும். போடாவிட்டால் மேடு அங்கேயே நிற்கும், மில்லுக்குப் பூட்டு விழும். பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மென்றேன். நன்றாக வெந்திருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், தேங்காய் இல்லை. சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் தின்றேன். அப்புறம் இந்திரா தின்றார், அப்புறம் ஹென்க், அப்புறம் எல்லோரும்.

முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஹென்க் கேட்டார்: "சரி. சமையல்காய் எப்படி உங்கள் தூளுக்குள் வந்தது? ஊர்க் குப்பையைக் கலந்து எடை கூட்டுகிறீர்களா?"

செந்தில் பறவைகள், பறவைகள் என்று ஆரம்பித்தான். அந்த இங்கிலீஷ் வார்த்தை எனக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை, பூசணி வெதைய எந்தக் குருவி முழுங்கும்? அந்தாளு வெள்ளரிக்காய்க்காரரு. நம்புவாரா?"

"பின்ன என்னத்தச் சொல்றதுங்க? கண்ணு பட்டுப்போச்சு, சுத்திப் போட்டோம்னா? பைத்தியக்காரப் பசங்கன்னு நெனைச்சுப்போடுவாருங்க."

"குப்பையக் கலக்கறவன்னு நெனைக்கறதுக்கு அது தேவல. சொல்லு."

சொன்னான். பி.காமில் இதற்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை போலும். ஹென்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுந்தேன். மிச்சமிருந்த அரைக் காயைக் கையில் எடுத்து, என் கண்ணைத் தொட்டுக் காட்டி, அந்தக் கண்ணால் அவரையும் அவர் கண்ணாடி வீட்டையும் வெறித்துப் பார்க்கிற மாதிரி பார்த்து, அவர் தலையைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றித் தரையில் அடிக்கிற மாதிரி ஓங்கினேன். ஹென்க் நாற்காலியோடு பின்னால் போனார்.

"நஜர்!" என்று கத்தினார் இந்திரா.

கோட்டைமேட்டிலிருந்து எங்கள் லேத் பட்டறைக்கு எண்ணெய் துடைக்கக் கழிவுப்பஞ்சு கொண்டுவந்த பாய் கண்ணேறுக்கு இதைத்தான் சொல்வார்! "நஜர், நஜர்" என்று நானும் தலையாட்டினேன். யாரும் சொல்லாமல் நானாக ஆட்டியது அந்தப் பயணத்திலேயே அது ஒன்றுதான். இந்திரா சிரித்துக்கொண்டே டச்சு மொழியில் நீளமாக எடுத்துச் சொன்னார். தன் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போடுவதையும் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

ஹென்க் சிரிக்கவில்லை. "யாருடைய கண்?" என்று கேட்டார்.

"எங்க மில்லப் பாக்கற எல்லாரு கண்ணும்" என்றேன். செந்தில் சொன்னான்.

"உடைத்த பிறகு அதை யார் எடுத்துப் போவார்கள்?"

"யாருந் தொட மாட்டாங்க."

"அப்படியானால் அது எங்கே போகும்?"

 வேண்டாததைக் களத்திலோ ரோட்டிலோ போட்டுவிட்டு வருகிறோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மேஜைமேல் தட்டு நிறைய விதை பளபளத்துக்கொண்டிருந்தது. கப்பல் எந்த ஊருக்குப் போகும் என்று காலையில் நான் கேட்கச் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அப்போது உறைத்தது.

கடைசியில் ஹென்க் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு கண்டெய்னர். அதில் ஒன்று முளைத்தாலும் நமக்குள் முடிந்துவிட்டது."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வயிறு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வலிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. கோயமுத்தூரில் இறங்கிப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினால் அன்று மாட்டுச் சந்தை. நிற்க இடமில்லை. வழியில் டயர் வெடித்தது. பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். செந்தில் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

மில்லில் களத்து வேலைக்கு மேஸ்திரி மாராத்தாள். இனிமேல் களத்தில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்றதும் அவர் முறத்தைக் கீழே போட்டார்.

"ஏனுங்க, வெள்ளக்காரன் சொல்லுக்கா நிறுத்தறது? இத்தன பேரு மிஷின்ல கைய வெக்கறமுங்க. ஒடைக்காத மில்லுல நான் நிக்க மாட்டேன், எம் பொண்ணுகளும் நிக்க மாட்டாங்க."

"நிறுத்தச் சொல்லலீங் மாராத்தா. வெளிய ஒடைக்கலாம்."

"வெளியன்னா?"

கேட்டுக்கு வெளியே என்று கையைக் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியசாமி அண்ணன் பேசினார். "கேட்டுக்கு வெளிய என்ற தோட்டத்துத் தடமுங்க. தூளும் என்ற பக்கம், சாறும் என்ற கெணத்துல. இப்பக் கண்ணையுங் கொண்டாந்து என்ற வாசல்ல போடறீங்களா?"

 யோசித்து, ஒரு வழி சொன்னேன். குங்குமம் போட எப்படியும் ஓட்டை வெட்டுகிறோம். அந்த ஓட்டை வழியாகவே விதையையும் குடலையும் வழித்து எடுத்துவிடலாம். களத்தில் தார்ப்பாயை விரித்து அதன்மேல் உடைக்கலாம்.

"கொடல எடுத்துப்போட்டா அது எப்படீங்க கண்ணப் புடிக்கும்?" என்றார் மாராத்தாள்.

"கண்ணு தோலுமேலதான படுது? உள்ளுக்குள்ளயா எட்டிப் பாக்கறாங்க?"

மாராத்தாள் முறத்தைக் கையில் எடுத்தார். "அதுஞ் செரிதானுங்க. ஆனா ஒடைச்சதை ஆரு பொறுக்கறது? எங்க ஆளுக தொட மாட்டாங்க."

"நான் பொறுக்கறேன்."

"உங்களுக்குப் பயமில்லீங்களா?"

"நான் அங்க தின்னுபோட்டே வந்துட்டேனுங்க."

பெண்கள் எல்லோரும் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியசாமி அண்ணனும் போனார்.

ஆனி அமாவாசைக்கு உடைத்தார்கள். சில்லையும் குடலையும் விதையையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினேன். சாக்கைத் தூக்கிய பிறகுதான் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. ரோட்டில் போட்டால் யாராவது மிதிப்பார்கள். வாய்க்காலில் போட்டால் கீழே ஒருவன் வயலுக்குப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தான். கடைசியில் எங்கள் எல்லைக்குள்ளேயே, வேலியோரம் குழி தோண்டித் தூளோடு சேர்த்து மூடினேன். கண்டெய்னர் கிளம்பிப் போயிற்று.

அதற்கப்புறம் நான் சரியாகத் தூங்கவில்லை. போன் மணி அடித்தால் எடுக்க மாட்டேன். ஆவணி கழிந்து ஒரு நாள் செந்தில் காங்கேயத்திலிருந்து ஓடி வந்தான். "ஒண்ணும் மொளைக்கலியாமுங்க மச்சான்! வெள்ளரியத் தவுத்து ஒண்ணும் இல்லியாம். இன்னும் அனுப்பச் சொல்றாரு." அவன் குதித்தான். ஒழுங்காகப் பார்த்தார்களா என்று நான் கேட்டேன்.

ஹாலந்தில் முளைக்கவில்லையே தவிர, எங்கள் வேலியோரம் முளைத்துவிட்டது. சாரலில் கொடி மளமளவென்று ஏறிக் கம்பிவேலியைத் தாண்டியது. மில் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை. புரட்டாசியில் பிஞ்சு விட்டது. ஒரு காய் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமாகத் தொங்கிப் பெருத்தது.

"ஏனுங்க, உங்க காயி ஒண்ணு என்ற பக்கம் வந்து நிக்குதுங்க" என்று கூப்பிட்டார் பெரியசாமி அண்ணன். "எடுத்துக்குங்க."

"நீங்களே வெச்சுக்குங்கண்ணா. நான் தின்னு நாளாச்சு, நல்லாத்தான் இருக்கறேன்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மெலிந்திருக்கிறேனா என்று கணக்குப் போட்டிருப்பார். தோட்டத்துக்குள் போய்விட்டார். நாலைந்து நாள் காய் அப்படியே தொங்கியது. அப்புறம் ஒரு காலையில் இல்லை. காம்பு அரிவாளால் அறுத்தது போலச் சீராக இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஊர்க் கூட்டம் கூடியது. அடுத்தடுத்துக் கண்டெய்னர் அனுப்பியும் மேடு பாதிதான் போயிருந்தது. சொன்ன சொல் முழு மேடு. பூட்டு வாங்கிக்கொண்டே வந்திருப்பார்களோ என்று ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். கிணறு கெட்டவர் பெரியசாமி அண்ணன் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தண்ணி இன்னும் டீத்தண்ணிதானுங்க. அதுல மாத்தமில்ல. மேடு பாதி எறங்கியிருக்குது, அதையுஞ் சொல்லோணும். அடுத்த மழை வரைக்கும் பாக்கலாமுங்க."

கூட்டம் கலைந்தது. நான் கும்பிட்டுவிட்டு நடந்தேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. பெரியசாமி அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, அந்தக் கொடில இன்னொண்ணு காச்சிருக்குதுங்களா?"